ஜீப்புக்கு வீட்டிலேயே லிம்ப் ரைசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாண்டிக்குடி, சிறுமலை, ஏற்காடு போன்ற இடங்களின் காப்பித் தோட்டப் பாதைகளில் தார், ஜிப்ஸி, கூர்க்கா போன்ற ஜீப் வகை வண்டிகளை ஓட்டுபவர்கள் வண்டியின் முன்பக்கம் இரண்டு கம்பிகள் கட்டியிருப்பதைப் பார்த்தவுடன் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் அடிப்படைக் கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை. ஏற்கெனவே பதில் சொன்ன விஷயம் மறுபடி வந்தால் அந்தப் பதிலையே சுட்டியிருக்கிறேன்.

முதலில், இந்த லிம்ப் ரைசர் என்றால் என்ன?

முன் பம்பரின் இரண்டு ஓரங்களிலிருந்து மேலே கூரையிலுள்ள சாமான் கேரியரின் முன் மூலைகள்வரை சாய்வாக இழுத்துக் கட்டப்படும் இரண்டு கம்பிவடங்கள். பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை நேராக முன்கண்ணாடியில் வந்து அடிக்காமல், இந்தக் கம்பியில் தொட்டு, சரிவில் மேல்நோக்கி வழுக்கிக் கூரையைத் தாண்டிப் போய்விடும். அவ்வளவுதான் இதன் வேலை.

மழைக்காடுகளில் நெடும்பயணம் போகும் வண்டிகளில் இது பழைய வழக்கம். 1980 முதல் 2000 வரை நடந்த கேமல் டிராஃபி என்ற சாகச வண்டிப் போட்டிப் பயணங்களில் போர்னியோ, சுலவேசி, அமேசான் காடுகளுக்குள் போன லேண்ட் ரோவர் வண்டிகளின் படங்களைப் பாருங்கள். மணல் மஞ்சள் நிற வண்டிகளில் பம்பரிலிருந்து கூரைக்கு இந்தக் கம்பிகள் ஓடுவது தெளிவாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் புதர்க்காட்டுப் பாதைகளில் ஓட்டுபவர்களும் இன்றுவரை கட்டுகிறார்கள்.

நம் ஊர்ப் பாதைக்கு இது உண்மையில் தேவையா, அல்லது அழகுக்கா?

எந்தப் பாதை என்பதைப் பொறுத்தது. ஆற்று மணலிலும் பாறையிலும் ஓட்டுபவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் மழைக்காலம் முடிந்து தோட்டப் பாதையின் இரு பக்கமும் உண்ணிச்செடி மண்டிக்கிடக்கும்போதும், கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் இரு பக்கமிருந்தும் கவிந்து நிற்கும்போதும் இது மிக உதவும். கருவேல முள் கண்ணாடியில் இழுக்கும் கீறல் பாலிஷ் போட்டாலும் போகாது. வைப்பரின் கையைக் கிளை பிடுங்கிக்கொண்டு போவதும், ஸ்நார்கெலின் (என்ஜினுக்குக் காற்று இழுக்கக் கூரை உயரத்துக்கு ஏற்றிய குழாய்) தலை திரும்பிப்போவதும் இந்தப் பாதைகளில் சாதாரணமாக நடப்பவை.

மாதத்துக்கு ஒருமுறைகூட இப்படிப்பட்ட பாதைக்குப் போகாதவர் எஃகுக் கம்பி கட்டாமலிருப்பதே நல்லது. அதற்கான காரணத்தைக் கீழே சட்டம் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

எவ்வளவு பருமனான கிளைவரை தாங்கும்?

பச்சையாக, வளையக்கூடியதாக, கட்டைவிரல் பருமனுக்குள் இருக்கும் கிளைகளுக்கு மட்டும்தான் இது. மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளை குறுக்கே இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். காய்ந்த கிளையாக இருந்தால் அதைவிட மெல்லியதானாலும் நிறுத்துங்கள். காய்ந்தது வளையாது. முறிந்து ஈட்டிபோல உள்ளே வரும். மூங்கிலும் அப்படித்தான்: பச்சை மூங்கில் வளைந்து, வில்லாக இழுபட்டு, எதிர்பாராத நேரத்தில் திரும்ப அடிக்கும்.

வேகமும் முக்கியம். லோ ரேஞ்சில் (நான்கு சக்கர இழுவை வண்டியின் மெதுவான கியர் நிலை) முதல் கியர், மனிதன் நடக்கும் வேகம். இதைத் தாண்டினால் கம்பியால் கிளையை வழுக்கவிட முடியாது, கிளையோடு மோதத்தான் முடியும்.

என்னென்ன வாங்க வேண்டும்? எங்கே கிடைக்கும்?

4 மி.மீ. எஃகுக் கம்பிவடம், கடைக்காரரிடம் வயர் ரோப் என்று கேளுங்கள், பக்கத்துக்கு சுமார் இரண்டரை மீட்டர். அதே அளவுக்கு நான்கு திம்பிள் (வடத்தின் மடிப்புக்குள் வைக்கும் உலோக வளையம்), எட்டு புல்டாக் கிளாம்ப் (மடித்த வடத்தைப் பிடித்து இறுக்கும் பூட்டு). 8 மி.மீ. டர்ன்பக்கிள் (திருகி வடத்தை இறுக்கவும் தளர்த்தவும் உதவுவது) இரண்டு; இரு முனையிலும் கொக்கி இல்லாமல் மூடிய வளையம் உள்ளதாகப் பாருங்கள். டி-ஷேக்கிள் (திருகாணியால் மூடும் ‘டி’ வடிவக் கொளுவி) நான்கு, ஐ போல்ட் (தலையில் வளையமுள்ள போல்ட்) இரண்டு, அதிர்வில் தளராத நைலாக் நட்டுகள், 3 மி.மீ. நைலான் கயிறு கொஞ்சம். இவை தவிர ஸ்பிரிங் தேவையா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

செயின் பிளாக், பாரம் தூக்கும் பெல்ட் விற்கும் ஹார்டுவேர் கடைகளில் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சென்னை என்றால் பாரிமுனையைச் சுற்றியுள்ள தெருக்கள். மற்ற ஊர்களில் லேத் பட்டறைக்காரரைக் கேட்டால் கடையைக் காட்டிவிடுவார். மொத்தச் செலவு ஒரு முன்கண்ணாடி மாற்றும் செலவில் சிறு பகுதிதான்.

பழைய கிளட்ச் கேபிளோ, கட்டுக்கம்பியோ போதாதா? வீட்டிலேயே கிடக்கிறது.

போதாது. கட்டுக்கம்பி ஒற்றை இழை. ஒருமுறை மடிந்தால் மடிந்த இடத்தில் பலம் போய்விடும், அடுத்தமுறை அங்கேயே அறும். பைக்கின் கிளட்ச் கேபிள் இழுவைக்குத் தாங்கினாலும் மிக மெல்லியது. மெல்லிய கம்பி கிளையை வழுக்கவிடாமல் பட்டைக்குள் அறுத்துக்கொண்டு இறங்கும், அங்கேயே சிக்கும். எதிரே வருபவர் கண்ணுக்கும் தெரியாது. பல இழைகள் முறுக்கிய, கையால் வளைத்தால் எளிதில் வளைந்து கொடுக்கும் வடமே வேண்டும். ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை என்ற வகை இதற்கு மிகப் பொருத்தம்.

பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி நல்லதா, வெறும் கம்பி நல்லதா?

உறை போட்டது. கிளை நன்றாக வழுக்கும், மரப்பட்டை குறைவாகக் கிழியும், பானெட்டில் உரசினாலும் பெயின்ட் போகாது. இரண்டு விஷயங்களை மட்டும் கவனியுங்கள். முதலாவது, கிளாம்ப் பூட்டும் இடத்தில் உறையை உரித்துவிட வேண்டும். உறைமேல் பூட்டினால் இன்று இறுகியதுபோல இருக்கும். இழுவை வந்தவுடன் பிளாஸ்டிக் நசுங்கிக் கம்பி உருவிக்கொண்டு வரும். இரண்டாவது, உறையோடு சேர்த்து 4 மி.மீ. என்று விற்கும் வடத்துக்குள் எஃகு 3 மி.மீ.தான் இருக்கும். கிளாம்பும் திம்பிளும் உள்ளிருக்கும் எஃகின் அளவுக்கு வாங்குங்கள்.

உறைக்குள் துரு வெளியே தெரியாமல் வளரும் என்பது உண்மை. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு வடமாக வாங்குவது நல்லது. மற்றவர்களுக்குத் துத்தநாகம் பூசியதே போதும்.

புல்டாக் கிளாம்பை எந்தப் பக்கம் போட வேண்டும்? இருவரிடம் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு விதம்தான் சரி. கிளாம்பில் இரண்டு பாகங்கள் உண்டு: ‘யு’ வடிவ போல்ட் ஒன்று, கம்பி படிந்து உட்காரப் பள்ளம் வெட்டிய அடிக்கட்டை ஒன்று. அடிக்கட்டை எப்போதும் இழுவை தாங்கும் நீளப் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘யு’ போல்ட் மடித்துவிட்ட குட்டை முனையை அழுத்த வேண்டும். ‘யு’ போல்ட் கம்பியைக் கடித்து நசுக்கும் தன்மையுள்ளது. சுமை தாங்கும் பக்கத்தை அது நசுக்கினால் அந்த இடமே வடத்தின் பலவீனமாகிவிடும்.

இந்த அளவு வடத்துக்கு ஒரு முனைக்கு இரண்டு கிளாம்ப் போதும். முதல் கிளாம்ப் குட்டை முனையின் கடைசியில், இரண்டாவது திம்பிளை ஒட்டி. மடித்துவிடும் குட்டை முனை 9, 10 செ.மீ. இருக்கட்டும். நட்டுகளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். முதல்முறை இழுவை கொடுத்த பிறகு கம்பி சற்றே மெலியும், நட்டு தளரும். ஆகவே முதல் ஓட்டம் முடிந்தவுடன் மறுபடி இறுக்குவது கட்டாயம். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பெரும்பாலான கம்பிகள் உருவிக்கொள்கின்றன.

சரி, முழுதாக எப்படிக் கட்டுவது? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சணல் கயிற்றை பம்பர் ஓரத்திலிருந்து கேரியர் மூலைக்குக் கட்டிப் பாருங்கள். கதவு தடையின்றித் திறக்கிறதா, கயிறு பானெட்டைத் தொடாமல் போகிறதா, வைப்பர் மேலே வரும்போது இடிக்கிறதா, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் எதிரே வளைவு தெரிகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இடம் தவறிப்போனால் பிறகு பம்பரில் போட்ட துளையை மாற்ற முடியாது.

அடுத்து பம்பரில் துளையிட்டு ஐ போல்ட் பூட்ட வேண்டும். பின்பக்கம் அகலமான வாஷர், நைலாக் நட்டு. துளையின் விளிம்பில் துருத் தடுப்புப் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். பிறகு வடத்தை வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் முதலில் டேப்பை இறுக்கச் சுற்றி, டேப்பின் நடுவே வெட்டினால் இழைகள் பிரியாது. கிரைண்டரில் மெல்லிய டிஸ்க் போட்டு வெட்டுவது சுலபம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். இழை முனைகள் ஊசிபோல விரலில் ஏறும்.

இரு முனையிலும் திம்பிள் வைத்து மடித்துக் கிளாம்ப் பூட்டுங்கள். மேல் முனையை நைலான் கயிற்று வளையத்தால் கேரியர் குழாயோடு சேருங்கள். ஏன் கயிறு என்பதற்கு மூன்று கேள்விகள் தள்ளிப் பதில் இருக்கிறது. கீழ் முனையில் வரிசை இப்படி: திம்பிள், ஷேக்கிள், டர்ன்பக்கிள், ஷேக்கிள், ஐ போல்ட். முடிச்சும் நட்டும் துருத்திக்கொண்டிருக்கும் எல்லாம் கீழே பம்பர் அருகிலேயே இருக்கட்டும். கிளை வழுக்கும் பாதையில் எது துருத்தினாலும் கிளை அங்கே மாட்டும். கிளாம்பின் நட்டுகள் வண்டியின் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேல் முனைக் கிளாம்ப்மேல் ரப்பர் டேப்பைச் சுற்றி மழமழப்பாக்கிவிடுங்கள்.

எவ்வளவு இறுக்க வேண்டும்? வீணைத் தந்திபோல நின்றால்தானே அழகு?

அழகாக இருக்கும், ஆனால் ஏதாவது ஒன்று பிய்ந்துகொண்டு வரும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். வடத்தின் நடுவில் ஒரு கிளை தள்ளும்போது வடத்துக்குள் ஏற்படும் இழுவை, தள்ளும் விசையை வடத்தின் நீளத்தால் பெருக்கி, வடம் உள்வாங்கும் தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். இரண்டு மீட்டர் வடத்தில் 40 கிலோ விசையோடு கிளை தள்ளுகிறது என்று வையுங்கள். வடம் 10 செ.மீ. உள்வாங்கினால் இழுவை 200 கிலோ. விறைப்பாகக் கட்டி 4 செ.மீ. மட்டும் உள்வாங்கினால் அதே கிளை 500 கிலோ இழுவையை உண்டாக்கும். இந்த 500 கிலோவும் நேராக கேரியரின் காலிலும் பம்பர் போல்ட்டிலும் போய் விழும். வடம் தாங்கிவிடும், கேரியர் கால் தாங்காது.

ஆகவே கையால் டர்ன்பக்கிளைத் திருகி, தொய்வு போன பிறகு இரண்டு மூன்று சுற்று மட்டும். நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் நான்கைந்து செ.மீ. எளிதாக உள்வாங்க வேண்டும். ஸ்பானர் போட்டு இறுக்கத் தோன்றினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதிர்வில் டர்ன்பக்கிள் தானாகத் தளரும் என்பதால், நடுவிலுள்ள ஓட்டை வழியாக மெல்லிய கம்பி விட்டுக் கட்டிவிடுங்கள், அல்லது லாக் நட்டு போடுங்கள்.

நடுவில் ஸ்பிரிங் சேர்த்தால் என்ன?

நல்ல யோசனை. மேலே சொன்ன கணக்கில் உள்வாங்கும் தூரம் கூடினால் இழுவை குறைகிறது அல்லவா? ஸ்பிரிங் அதைத்தான் செய்கிறது. டர்ன்பக்கிளுக்கும் வடத்துக்கும் நடுவே ஒரு குட்டையான இழுவை ஸ்பிரிங் போதும். ஆனால் ஸ்பிரிங்கின் கொக்கி நிமிர்ந்துவிட்டால் வடம் விடுபட்டுவிடும். ஸ்பிரிங்குக்குப் பக்கவாட்டில், அதைவிடச் சற்று நீளமாக ஒரு சங்கிலித் துண்டைச் சேர்த்துக் கட்டுங்கள். ஸ்பிரிங் விட்டாலும் சங்கிலி பிடித்துக்கொள்ளும்.

மேலே ஏன் நைலான் கயிறு? அங்கும் ஷேக்கிளே போட்டால் இன்னும் உறுதியாக இருக்குமே?

உறுதியாக இருக்கும் என்பதுதான் சிக்கல். எதிர்பாராமல் ஒரு பெரிய கிளையோ, சாய்ந்த மரமோ வடத்தில் மாட்டிவிட்டால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கத்தான் போகிறது. எது விட வேண்டும் என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுவது நல்லது. அதற்காகத்தான் வரிசையில் ஒரே ஓர் இடத்தில் வேண்டுமென்றே பலம் குறைந்த பொருள். நல்ல 4 மி.மீ. வடம் முக்கால் டன்னுக்கு மேல் தாங்கும். 3 மி.மீ. நைலான் கயிற்றை ஒரே சுற்றுச் சுற்றி முடிச்சிட்ட வளையம் அதற்கு வெகு முன்னாலேயே அறும். கேரியர் பிழைத்துக்கொள்ளும்.

கயிறு மேலே இருக்க வேண்டும், கீழே அல்ல. மேல் முனை அறுந்தால் வடம் பானெட்மேலும் தரையிலும் விழும். கீழ் முனை அறுந்தால், கிளை தள்ளும் வேகத்தோடு டர்ன்பக்கிளும் ஷேக்கிளும் சேர்ந்து கண்ணாடியை நோக்கிப் பறந்து வரும். மேல் முனை அறுந்தவுடன் வண்டியை நிறுத்துங்கள். கீழே தொங்கும் வடம் முன் சக்கரத்தில் சுற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெயிலில் நைலான் பலம் இழக்கும் என்பதால், ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக் கயிறு போடுங்கள். கயிற்றுக்கு மாற்றாக வலுவான வேறு எதையும் போட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் முழுக்கவே கயிறாகப் போட்டுவிடலாமே?

போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கயிறு அறுந்தாலும் எஃகுபோலச் சவுக்கடி அடிக்காது, கைக்கும் இதம். ஆனால் முள்ளும் கரடுமுரடான பட்டையும் தொடர்ந்து உரசினால் நார் பிசிறும், பிசிறில் சுள்ளிகள் மாட்டும். சீமைக் கருவேலப் பாதைக்குக் கயிறு ஏற்றதல்ல. உண்ணிச்செடி, தேயிலை ஓரம், சீகை மரக் கிளை போன்றவற்றுக்கு 6 மி.மீ. பாலியஸ்டர் கயிறு தாராளம். வருடத்துக்கு ஓரிருமுறை மட்டும் தேவைப்படுபவர்களுக்கு நான் கயிற்றையே சொல்வேன்.

அண்ணா, என்னுடைய வண்டி பழைய ஜிப்ஸி, துணிக் கூரை. கேரியரே கிடையாது. மேலே எங்கே கட்டுவது?

முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் மூலையில் கட்டத் தோன்றும். மடக்கும் சட்டம் என்றால் கட்டக்கூடாது. அது கீலில் நிற்கும் சட்டம். வடம் முன்னும் கீழுமாக இழுக்கும்போது முழுப் பாரமும் கீலுக்கும் கொக்கிக்கும் போகும், கண்ணாடியில் விரிசல் விழும். வண்டிக்குள் ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) இருந்து, அதன் முன் குழாய் கண்ணாடிச் சட்டத்தோடு போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருந்தால் அந்தக் குழாயில் கட்டலாம்.

அதுவும் இல்லையென்றால் கட்டாதீர்கள். திறந்த வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: கம்பி கிளையைத் தூக்கிக் கூரைக்கு மேலே விடுகிறது, கூரை இல்லையென்றால் உங்கள் தலைக்கு மேலே விடுகிறது. காப்பித் தோட்ட நிழல் மரங்களில் இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு எறும்புக் கூடுகள் இருக்கும். அந்தக் கூடு ஒன்று உலுக்கப்பட்டு மடியில் விழுந்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. குளவிக் கூடு என்றால் இன்னும் மோசம்.

முன் பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக். கீழே எதில் மாட்டுவது?

பிளாஸ்டிக்கில் கண்டிப்பாகக் கூடாது. பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சேஸியோடு சேர்ந்த எஃகுப் பகுதி இருக்கும். அங்கிருந்து ஒரு சிறு எல் வடிவப் பட்டையைப் போல்ட்டில் பூட்டி வெளியே கொண்டுவரலாம். காற்றுப்பையுள்ள வண்டிகளில் முன்பக்கம் மோதல் சென்சார்கள் இருக்கும் என்பதால், அவற்றின் இடம் தெரியாமல் துளையிடக் கூடாது. இழுவைக் கொக்கி இருந்தால் அதிலேயே ஷேக்கிள் போடலாம். ஆனால் கொக்கி நடுவை நோக்கி இருப்பதால் வடம் பானெட்மேல் உரசிக்கொண்டு போகும், கண்ணாடியின் ஓரம் மறைவின்றி நிற்கும். சிலர் மட்கார்டு போல்ட்டில் மாட்டுகிறார்கள். தகரம் மெல்லியது, ஒரே இழுப்பில் மட்கார்டு சுருங்கிவிடும்.

இதற்காகப் புல் பார் (பம்பருக்கு முன்னால் பூட்டும் இரும்புக் குழாய்ச் சட்டம்) போட்டுக்கொள்ளலாமா?

இந்தியாவில் கூடாது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், கிராஷ் கார்டு, புல் பார் பொருத்திய வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-க்கு இவை முரணானவை என்பது காரணம். இடிபடும் பாதசாரிக்கு எமன், உள்ளே இருப்பவருக்குக் காற்றுப்பை சரியாகத் திறக்காமல் போகலாம் என்ற இரண்டு ஆபத்துகளும் உண்மையானவை. ஒரிஜினல் பம்பரோடு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கம்பி மட்டும் சட்டப்படி சரியா? சாலையில் போலீஸ் பிடித்தால்?

பொதுச் சாலைக்கு இது பொருந்தாது. வண்டியின் பதிவில் உள்ள வடிவத்தை மாற்றக் கூடாது என்பதே பிரிவு 52-இன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தின்படி மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்க இடமுண்டு. கேரியரைப் பற்றியும் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் வண்டியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு முந்தும் பைக்காரரின் கழுத்து உயரத்தில் அந்த எஃகுக் கம்பி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் சாலைக்குக் குறுக்கே கழுத்து உயரத்தில் கம்பி கட்டி, கண்ணாடியை மடக்கிவிட்டு ஓட்டிய ஜீப் வீரர்களைக் கொன்றதால்தான், நேச நாட்டு ஜீப்புகளின் முன் பம்பரில் செங்குத்தாக ஓர் இரும்புக் கோணச்சட்டத்தை வெல்டிங் செய்து கம்பியறுப்பானாக வைத்தார்கள். மெல்லிய கம்பி மனித உடலை என்ன செய்யும் என்பதற்கு இது போதும். சந்தைக் கூட்டத்தில், பள்ளி விடும் நேரத்தில், அந்தக் கம்பியோடு வண்டி ஓட்ட யாருக்கும் உரிமை கிடையாது.

ஆகவே தோட்ட கேட்டைத் தாண்டிய பிறகு மாட்டுங்கள், திரும்பி கேட்டுக்கு வந்தவுடன் கழற்றுங்கள். டர்ன்பக்கிளைத் தளர்த்தி, ஒரு ஷேக்கிளைக் கழற்றி, மேலேயுள்ள கயிற்று வளையத்தை உருவினால் வேலை முடிந்தது. இதைச் செய்யச் சோம்பல் வரும் என்றால் இந்தக் கம்பியைச் செய்யவே வேண்டாம்.

காட்டுப் பாதையிலும் கட்டிக்கொண்டு போகலாம் இல்லையா?

காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி வண்டி நுழைவதே குற்றம். கம்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மாற்றமில்லை. இங்கே சொல்வதெல்லாம் சொந்தத் தோட்டம், உரிமையாளர் சம்மதித்த எஸ்டேட் பாதை ஆகியவற்றுக்கே. அங்கும்கூட, வழியே இல்லாத புதருக்குள் கம்பியை நம்பி வண்டியைத் தள்ளுவது தவறு.

பானெட் திறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டுமா?

பெரும்பாலான வண்டிகளில் ஆமாம், கீழ் ஷேக்கிளைக் கழற்றினால் போதும். என்ஜின் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் கம்பி மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஸ்நார்கெல் இருக்கும் பக்கம் மட்டும் கட்டினால் போதுமா?

போதும், ஆனால் கண்ணாடியின் மறுபாதி பழைய நிலைமைதான். இன்னொன்று: வடம் ஸ்நார்கெலுக்கு வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஸ்நார்கெலைத் தொட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு கிளையின் அடியும் அதன் கழுத்துக்கே போய்ச் சேரும்.

பக்கக் கண்ணாடிகளையும் இது காப்பாற்றுமா?

காப்பாற்றாது. வடம் முன்பக்கத்தில் முடிந்துவிடுகிறது. கண்ணாடிகள் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. மடக்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிடுங்கள். கம்பி விலக்கிவிட்ட கிளை கதவைத் தாண்டும்போது உள்ளே எட்டிப்பார்க்கும்.

வேகமாகப் போகும்போது கம்பி ஊளையிடுகிறது. என்ன செய்வது?

காற்று கம்பியைத் தாண்டும்போது இரு பக்கமும் மாறி மாறிச் சுழல்கள் உதிர்கின்றன, அதுதான் ஓசை. 4 மி.மீ. கம்பிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 800-க்கு மேற்பட்ட அதிர்வுகள், காதைத் துளைக்கும். கம்பியைச் சுற்றித் திருகாகக் கயிறு சுற்றினால் நின்றுவிடும், ஆனால் கிளை வழுக்காது. 60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்றால் நீங்கள் இருப்பது சாலையில். சட்டம் பற்றிய பதிலை மறுபடி படியுங்கள்.

கம்பிக்கு என்ன நிறம்?

மேல்பாதி மங்கலான கறுப்பு. வெயிலிலும், இரவில் கூரை விளக்கிலும் பளபளத்தால் ஓட்டுநரின் கண் கூசும். கீழ்ப்பாதியில் மஞ்சள் குழாய் ஒன்றைக் கோத்துவிடுங்கள். வண்டியைச் சுற்றி நடப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், அதைப் பார்த்து விலகுவார்கள்.

ஐந்தாறு வண்டிகள் வரிசையாகப் போகிறோம். முன்வண்டிக்காரர் கட்டியிருக்கிறார், எங்களுக்கும் தேவையா?

முன்வண்டி கிளையை வளைத்து விட்டுவிட்டுப் போகிறது, அது திரும்ப அடிக்கும்போது நீங்கள் ஒட்டிக்கொண்டு வந்தால் அடி உங்களுக்குத்தான். கிளை அடங்கி நிற்கும்வரை பின்தங்குங்கள். மூன்று வண்டி நீளம் இடைவெளி விட்டால் போதும். முன்வண்டியின் கம்பி பின்வண்டியைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம்.

கிளை கம்பியில் மாட்டிக்கொண்டு நகரவே இல்லை. ஆக்சிலேட்டரை அழுத்தலாமா?

அழுத்தாதீர்கள். நிறுத்தி, அரை மீட்டர் பின்வாங்குங்கள். இழுவை போய்க் கிளை தானாக விடுபடும். இறங்கிப் பார்க்கும்போது வடத்தின் நேர்கோட்டில் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். இறுக்கத்திலிருக்கும் கிளையை அரிவாளால் வெட்டாதீர்கள். முதலில் தளர்த்துங்கள், பிறகு தோட்டக்காரர் சம்மதத்தோடு வெட்டுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால். ஒரு பழைய துணியை வடத்தின் நீளத்துக்குத் தடவிக்கொண்டே போனால், அறுந்த இழை இருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெறும் கையால் தடவாதீர்கள். அறுந்த இழை தெரிந்தாலும், மடிப்பு விழுந்திருந்தாலும், உறை உப்பி உள்ளே செம்பழுப்பு நீர் கசிந்தாலும் வடத்தை மாற்றிவிடுங்கள். ஒட்டுப்போட்டுச் சரிசெய்யும் பொருள் அல்ல இது. கிளாம்ப் நட்டு, டர்ன்பக்கிள் கட்டு, ஐ போல்ட்டின் நட்டு மூன்றையும் தொட்டுப் பாருங்கள்.

தோட்டத்துக்குள் கரன்ட் கம்பி தாழ்வாகத் தொங்குகிறது. கிளைபோலவே அதையும் மேலே தூக்கிவிட்டுப் போய்விடுமா?

ஒருபோதும் முயலாதீர்கள். வடம் எஃகு, வண்டி எஃகு. மின்கம்பி வடத்தில் பட்டால் வண்டி முழுவதும் மின்சாரம் பாயும். தாழ்ந்த கம்பியைக் கண்டால் நிறுத்தித் திரும்புங்கள், மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். யானைக்காகப் போட்ட சூரிய மின்வேலி, பன்றிக்காகக் கட்டிய கம்பி எதையும் வடத்தால் தள்ளக் கூடாது. பன்றிக்குக் கட்டும் கம்பியில் திருட்டுத்தனமாக வீட்டு மின்சாரமே கொடுத்திருப்பார்கள்.

தவறிப் பட்டுவிட்டால் வண்டிக்குள்ளேயே இருங்கள். உலோகத்தைத் தொடாதீர்கள், அருகில் வருபவர்களைச் சத்தம் போட்டுத் தடுத்து நிறுத்துங்கள், மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று மின்வாரியத்தார் சொல்லும்வரை இறங்காதீர்கள். தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதியுங்கள். பிறகு காலைத் தூக்கி வைக்காமல், பாதங்கள் ஒட்டியபடியே தரையில் தேய்த்துத் தேய்த்து பத்து மீட்டருக்கு அப்பால் போய்விடுங்கள்.